பேட்டரி மேல் போட்ட பழி

மகனே,

இங்கே நான் சௌக்கியம். வண்டி சௌக்கியம். வண்டிக்குள் இருக்கும் பேட்டரியும் பரம சௌக்கியம். உன் மேல்தான் எனக்குக் கோபம். அதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்ல கீறேம்மா, அப்பால கூப்புடுறேன்" என்கிறாய். அந்த அப்பால வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நீயும் நிர்மலாவும் வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் ஒரு மாதப் பயணம் கிளம்பிவிடுவீர்கள். நான் மணலி புதுநகர் வீட்டு வாசலில் நின்று கையாட்ட வேண்டும், அதுதானே உன் திட்டம்? அது நடக்காது. ஏன் நடக்காது என்பதைத்தான் பொறுமையாக எழுதப் போகிறேன். இதை ஊர் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அம்மாவை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று யோசிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் நீ ஒருத்தன் மட்டும் இல்லை.

போன ஞாயிறு மதியம் நடந்ததை நீ உன் மாமனார் வீட்டில் எப்படிச் சொன்னாய் என்று நிர்மலா மூலமாகக் கேள்விப்பட்டேன். "பேட்டரி கைவுட்ருச்சு, அம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சு" என்றாயாமே. எம்.கே.பி. நகரிலிருந்து சம்பந்தியம்மா அழாத குறையாகப் போன் செய்தார்கள். நடந்தது என்ன? பழைய பயணிகள் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, சின்ன ஃப்ரிட்ஜ் வைத்து, அடுப்பு வைத்து ஒரு நடமாடும் வீடாக ஆக்கியிருக்கிறாய். அதற்கெல்லாம் கரெண்ட் தருவதற்கு அந்தக் கட்டிலுக்கு அடியில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மூச்சு மிஷின் இல்லாமல் டாக்டர் தூங்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். பேட்டரியில் அந்த மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க, சாப்பிட்டதும் என்னை வண்டிக்குள் படுக்கச் சொன்னாய். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். நிர்மலா டீ போட மின்சார அடுப்பைப் போட்டாள். அடுப்பு போட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரேயடியாக அணைந்துபோனது, மிஷினும்தான். காற்று நின்றதும் நான் விழித்துக்கொண்டு முகமூடியைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு இருமல் இருமினேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். மிஷின் நின்றது எனக்கு. ரத்தம் வற்றிப்போனது உனக்கு.

"வேணாம்மா. இந்த பேட்டரிய நம்பி உன்ன இட்டுனு போவ முடியாது. நீ வூட்லயே இரு" என்றாய். ஏன் அணைந்தது என்று நீ பார்க்கவேயில்லை. மீட்டரில் பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டேய், ஒரு முனை மட்டும் சுடுதுடா" என்றேன். உன் காதில் ஏறவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய்.

பேட்டரியைப் பற்றி நான் எப்படி இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறேன் என்று கேட்காதே. உன் அப்பாவும் நானும் திருவொற்றியூரில் வைத்திருந்த பேட்டரி கடையின் வருமானத்தில்தான் நீ இஞ்சினியர் ஆனாய். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் நம் கடை வாசல் தாண்டியும் நிற்கும். வெயிலில் டிரைவர்கள் கேபினுக்குள்ளேயே கிடப்பார்கள். சின்ன ஃபேனை வண்டி பேட்டரியில் மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். வரிசை நகரும்போது சாவியைத் திருப்பினால் இஞ்சின் முனகும், கிளம்பாது. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். அப்பாவோ நானோ ஒரு பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்து எடுத்துப் போய்க் கிளப்பிவிடுவோம். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு, வண்டிக்குள் வாழ்வதற்கான பேட்டரி வேறு என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த டிரைவர்களின் வியர்வையில் கற்றுக்கொண்டேன். நீ முதல் நாளே இரண்டையும் தனித்தனியாக வைத்தபோது மனதுக்குள் உன்னை மெச்சினேன். வெளியே சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த டிரைவர்கள் பேட்டரி சார்ஜ் ஏறுகிற வரைக்கும் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஒருத்தன் தூத்துக்குடி என்பான், ஒருத்தன் நாக்பூர் ஆரஞ்சு என்பான், ஒருத்தன் குஜராத்தில் உப்பு மலை மாதிரிக் குவிந்திருக்கும் என்பான். நான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஊருக்குப் போகிற எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிவிட்டிருக்கிறேன், மகனே. ஒன்றில்கூட நான் ஏறிப் போனதில்லை. கடையைப் பூட்ட முடியாது, அப்பாவைத் தனியாக விட முடியாது, உனக்குப் பரீட்சை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது கடையும் இல்லை, பரீட்சையும் இல்லை. எனக்குப் போக வேண்டும்.

பேட்டரி வாங்கும்போது நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? உன் தோஸ்து ஒருத்தன் எங்கேயோ பழைய மின்சார ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய செல்களைச் சேர்த்துக் கட்டிப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். நீ மயங்கிவிட்டாய். "எத்தனை வருஷம் ஓடுனது, எந்த வெயில்ல காஞ்சதுன்னு தெரியாத செல்ல அம்மா தலைமாட்டுல வெப்பியா?" என்று நான் கேட்ட பிறகுதான் உனக்குப் புத்தி வந்தது. லித்தியத்திலும் பல ஜாதி இருக்கிறது, இரும்பு பாஸ்பேட் வகைதான் சூட்டைத் தாங்கும், சட்டென்று தீப்பிடிக்காது, படுக்கைக்குக் கீழே வைக்க அதுதான் சரி என்று பிறகு நீயே எனக்கு விளக்கினாய். உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது, அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் சூடானாலும் அதுவே வெட்டிவிடும் என்றாய். மொத்தம் எத்தனை ஆம்பியர் என்று பெருமையடிப்பதைவிட அந்தக் காவல் சர்க்யூட் ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்க விடும் என்று பார்க்க வேண்டும், அடுப்புக்கு அதுதான் முக்கியம் என்றும் சொன்னாய். நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தாய். அந்தப் பேட்டரியைப் போய் கைவிட்டதாகச் சொன்னாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை காலை நம் தெரு குமாரைக் கூப்பிட்டேன். நம் கடை வாசலில் கிடந்த அதே டிரெய்லர் குமார்தான். லோடு இல்லாமல் வீட்டில் இருந்தான். வளையல்களைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அப்பா பிடியில் டேப் சுற்றி வைத்திருந்த ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். முதலில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற மெயின் ஃபியூஸைக் கழற்றச் சொன்னேன். அது இல்லாவிட்டால் வண்டிக்குள் எதற்கும் கரெண்ட் போகாது. எதையும் தொடுவதற்கு முன்னால் அதைக் கழற்றுவது நம் வீட்டு வழக்கம். அப்புறம் சுட்ட முனையின் போல்ட்டைக் குமார் கழற்றினான். கழற்றியவன் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, போல்ட்டுக்கு அடியில இம்மாங் கிரீஸு கீது? பரோட்டா கடையில கூட இவ்ளோ எண்ணெ ஊத்த மாட்டானே."

"எம் புள்ள போட்டதுடா. ஒண்ணும் சொல்லாத."

"நம்ம பையனா? அப்ப பாசத்துல போட்ட கிரீஸு. அதான் வெந்துகினு கீது."

பேட்டரி முனைக்கும் வயரின் முகப்புக்கும் நடுவில் கிரீஸ் பூசி, அதன் மேல் போல்ட்டை முறுக்கியிருக்கிறாய். அதுவும் முழுக்க இறுகவில்லை, வழுக்கிக்கொண்டு பாதியில் நின்றிருக்கிறது. சின்ன விளக்கு, ஃபேன் எரிகிறபோது ஒன்றும் தெரியாது. அடுப்பு மாதிரி மொத்தமாக இழுக்கிற ஒன்றைப் போட்டதும் அந்த இடம் சூடாகி, வோல்ட்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். பேட்டரி கரெண்டை வீட்டுக் கரெண்டாக மாற்றித் தருகிற இன்வர்ட்டர், பேட்டரி காலி என்று நினைத்துக்கொண்டு தானே அணைந்துவிடும். பேட்டரி முக்கால்வாசி நிறைந்துதான் இருந்தது. நீ பழி போட்டது நிரபராதி மேல்.

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரன் செய்திருக்க மாட்டான். நம் ஊர்க் காற்றில் உப்பு. கதவுக் கீல் ஒரு வருஷம் தாங்காது. காசிமேட்டுப் படகுகளுக்கு அப்பா பேட்டரி மாட்டப் போனால் கிரீஸ் டப்பா இல்லாமல் போகமாட்டார். நீயும் லீவு நாட்களில் கூடப் போவாய். உனக்கு அந்த வாசனை நினைவிருக்கிறது, அவர் கட்டை விரலால் வழித்துப் பூசுவது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் என்ன செய்வார் என்பதை நீ பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போது நீ படகு விளிம்பில் நின்று தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருப்பாய். அவர் முதலில் உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்ப்பார். காய்ந்த துணியால் துடைப்பார். உலோகத்தோடு உலோகம் ஒட்டும்படி முறுக்குவார். எல்லாம் முடிந்த பிறகு, வெளியே மட்டும், உப்புக் காற்று படாமலிருக்கக் கிரீஸ் பூசுவார். நீ கடைசி வேலையை முதல் வேலையாகச் செய்துவிட்டாய். இதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். அப்பா கை உன் கையில் பாதி வந்திருக்கிறது என்று நினைத்து, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அழுதேன். குமார் டீ வாங்கப் போவது போல வெளியே போய்விட்டான்.

அப்பா முறைப்படியே தேய்த்துத் துடைத்து முறுக்கினோம். இன்னொரு வேலையும் செய்தேன். உன் மனைவியைத் திட்டாதே, நான்தான் அவளை வாங்கி அனுப்பச் சொன்னேன். மூச்சு மிஷினுக்கு என்றே, பேட்டரியிலிருந்து நேராகச் சொருகுகிற வயர் தனியாகக் கிடைக்கிறது. இன்வர்ட்டர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை, கரெண்டும் மிச்சம். அதற்குத் தனி லைன், தனிச் சின்ன ஃபியூஸ். இனிமேல் அடுப்பு அணைந்தாலும் இன்வர்ட்டர் அணைந்தாலும் என் மிஷின் பாட்டுக்கு ஓடும். மிஷினில் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிற பகுதி ஒன்று இருக்கிறதே, அதுதான் கரெண்டை அதிகம் குடிக்கிறது. கடற்கரைக் காற்றுக்கு ஈரம் நாம் தர வேண்டுமா? டாக்டரைக் கேட்டேன், உங்களுக்குத் தொண்டை வறளாவிட்டால் அதை அணைத்து வைக்கலாம் என்றார். அணைத்துவிட்டேன். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள் படுத்தவள், பால் பாக்கெட் போடுகிறவனின் மணிச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். ஃபேனும் ஃப்ரிட்ஜும் கூடவே ஓடின. மீட்டரைப் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம். வீட்டுக் கட்டிலில்கூட அப்படித் தூங்கி நாளாகிறது.

இனி வழியில் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்கிறேன், கவனமாகப் படி. நம் கடைப் பழக்கங்கள் பாதியை மறக்க வேண்டும். இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பூஜை என்று சந்தனம் குங்குமம் அப்ப வேண்டாம். கராஜில் கிடக்கிற பழைய சார்ஜரை மாட்டித் தொலைக்காதே, அது நம் கடையில் விற்ற பழைய வகை ஈய பேட்டரியைத் தட்டி எழுப்ப அளவுக்கு மேல் வோல்ட்டேஜ் ஏற்றும். லித்தியத்துக்கு அது ஆகாது. வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து நேராக வயர் இழுத்து ஏற்றாதே. இந்தப் பேட்டரி கிடைத்ததையெல்லாம் விழுங்கும், இஞ்சினின் டைனமோ சூடாகிச் செத்துப்போகும். நடுவில் அளவாக அனுப்புகிற சார்ஜர் ஒன்று வேண்டும், அதை நீ இன்னும் மாட்டவில்லை, சனிக்கிழமைக்குள் மாட்டு. ராமேஸ்வரத்தில் வெயிலில் நிறுத்தும்போது கட்டிலுக்கு அடியில் பேட்டரி இருக்கிற பெட்டியின் கதவைத் திறந்து வை, பேட்டரியைப் போர்வையால் சுற்றி அடைக்காதே. திரும்பி வந்த பிறகு மாசக்கணக்கில் வண்டி சும்மா நிற்கும். அப்போது முழுக்க ஏற்றி வைக்காமல் பாதி அளவில் வை. குலுங்கிக் குலுங்கிப் போகிற வண்டி, போல்ட் இளகும். வாரத்துக்கு ஒரு தடவை ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஸ்பேனர் போட்டுப் பார். அப்பா ஸ்பேனரை உனக்கே தருகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வகை ஈய பேட்டரி போகப்போகிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும். வோல்ட்டேஜ் இறங்கும், விளக்கு மங்கும், நமக்குத் தெரியும். லித்தியம் அப்படியில்லை. கடைசி வரைக்கும் முகம் மாறாமல் நிற்கும், அப்புறம் சட்டென்று விழும். அதனால் விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே, உள்ளே போனது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று எண்ணுகிற மீட்டரை மட்டும் நம்பு. இதைப் படிக்கும்போது உனக்கு யார் நினைவு வரும் என்று தெரியும். எனக்கும் அவர்தான். முந்தின நாள் வரைக்கும் பேட்டரி தூக்கினார், உன்னோடு மீன் வாங்கப் போனார், தூக்கத்திலேயே போய்விட்டார். நீ அடுத்த அறையில் படுத்திருந்தாய்.

அன்றிலிருந்து நீ இங்கே தங்குகிற நாட்களில் என் அறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. காற்று வரட்டும் என்பாய். காற்றுக்காக இல்லை என்று எனக்குத் தெரியாதா? என் மிஷினின் சத்தம் கேட்டால்தான் நீ புரண்டு படுக்கிறாய். போன ஞாயிறு அது நின்றபோது நீ பயந்தது பேட்டரிக்காக இல்லை. கிரீஸைத் தேடாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனதற்குக் காரணம் அதுதான். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அம்மா பத்திரமாக இருப்பாள் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்கிறாய். அப்பா வீட்டில்தானே இருந்தார், மகனே? நீ பக்கத்திலேயேதானே இருந்தாய்? அவர் போனது உன் குற்றமில்லை. அந்தப் பயத்துக்காக என்னை ஆணியில் மாட்டிவிட்டுப் போகாதே. நீ ஊரில் இல்லாதபோது இங்கே கரெண்ட் போனால் என்னை யார் எழுப்புவது என்று நினைத்துப் பார்த்தாயா? வண்டியிலாவது கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இரண்டு பேர் இருப்பீர்கள். நானும் உன்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் பயம் இருக்கிறது, நீ மட்டும்தான் பயப்படுகிறாய் என்று எண்ணாதே.

சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மாத்திரை, கண்ணாடி, மிஷின் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வண்டியில் கொஞ்சநாள் இடநெருக்கடிதான், நிர்மலாவிடம் கேட்டேன். "நீங்க வந்தாதான் அத்த அவுரு நிம்மதியா தூங்குவாரு" என்றாள். ஞாயிறு காலை நீ வந்து, அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக் கிளம்பிவிடலாம் என்று பார்ப்பாய். கிளம்பிப் பார். இஞ்சின் கிளம்பும், அது வேறு பேட்டரி. ஆனால் விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது, ஃப்ரிட்ஜ் ஓடாது, நிர்மலா டீ போட முடியாது. கடைக்கு ஓடினாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த அளவில் யாரும் தர மாட்டார்கள். மெயின் ஃபியூஸ் என் முந்தானையில் முடிந்திருக்கிறது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு அவிழ்த்துத் தருகிறேன்.

உன் அம்மா